மூன்று விரல் தண்ணீர்

ஜனவரி மாதத்து ஒரு காலை. கொடைக்கானல் நாயுடுபுரத்துச் சரிவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சமையலறையில் சிங்க் நிறையத் தண்ணீர் நின்றது. முந்தின இரவு பாத்திரம் கழுவிய தண்ணீர். மேலே நாலு சோற்றுப் பருக்கையும் ஒரு பூண்டுத் தோலும் மிதந்தன. ஜன்னல் திண்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நின்றது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பிளம்பர் அண்ணன் வந்துதான் சேர்த்துக் காட்டினார்.

சிங்குக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, நெளிநெளியான வேஸ்ட் பைப்பை விரலால் அமுக்கிப் பார்த்தார். "அடைப்பு இல்லக்கா இது. உறைஞ்சு போய்க் கெடக்கு." கீழே பக்கெட்டை வைத்தார், நட்டைத் திருகிப் பைப்பைக் கழற்றினார், ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்து ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்.

அறுத்த மரத்தில் ஆண்டு வளையம் தெரிவதுபோல் உள்ளே வளையம் வளையமாகக் கொழுப்பு. பைப்போடு ஒட்டிய வெளிவளையம் பழுப்பு நிறம். நகம் இறங்காத கெட்டி. உள்ளே வர வர மஞ்சள். கடைசி வளையம் உறைநெய் மாதிரி வெண்மை. இடையிடையே டீத்தூளும் கடுகும் பதிந்திருந்தன. ஒன்றரை இன்ச் பைப்பில் தண்ணீருக்கு மிஞ்சியது பென்சில் நுழையும் அளவு ஓட்டை. "கீழ இந்த மாதிரி ஆக வருஷக்கணக்காகும்க்கா. இங்க ஒரு பனிக்காலம் போதும்" என்றார்.

மலைக்காரர்கள் 'கீழே' என்றால் வத்தலக்குண்டு, பெரியகுளம், மதுரை எல்லாம் அதில் அடக்கம். அங்கே வருஷக்கணக்கில் ஆவது இங்கே மாதக்கணக்கில் ஏன் ஆகிறது?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். மே மாத நண்பகலில்கூட வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஜனவரி இரவில் 8 டிகிரி சாதாரணம். ஏரியோரப் புல்லில் உறைபனி பூக்கிற நாட்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் உருகுவதோ 24 டிகிரிக்கு மேல். மதுரையில் வருஷத்தில் சில விடியற்காலைகளில் மட்டும் உறைகிற அந்த எண்ணெய், இங்கே அடுப்புப் பக்கம் போனால்தான் இளகும். நெய் உருக 30 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆட்டுக் கொழுப்புக்கு 40-ஐத் தாண்ட வேண்டும். ரேஷன் கடைப் பாமாயில் சமவெளியில் எப்போதும் தெளிவாக இருக்கும். 10 டிகிரியை நெருங்கினால் அதுவும் மங்கலாகிக் கட்டி பிடிக்க ஆரம்பிக்கும். நல்லெண்ணெய் மட்டும் இந்தக் குளிருக்கு அசையாது. அது உறையப் பூஜ்ஜியத்துக்கும் கீழே போக வேண்டும்.

இந்த வித்தியாசத்தை விறகு அடுக்கிப் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நீளமான மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, நெளிவே இல்லாத நேரான சங்கிலி. நேரான சவுக்குக் கழிகளைக் கட்டினால் இடைவெளியில்லாமல் நெருங்கிப் படுக்கும், கட்டு இறுகும். அதைப் பிரிக்க வெப்பம் வேண்டும். நல்லெண்ணெயில் பெரும்பாலான சங்கிலிகள் நடுவில் ஒடிந்து வளைந்தவை. கோணல் மாணலான கருவேல விறகை எப்படிக் கட்டினாலும் இடைவெளி விழும்; லேசாகத் தட்டினாலே சரியும். அந்தச் சரிவைத்தான் நாம் திரவம் என்கிறோம்.

பாத்திரம் கழுவும்போது சோப்பு இந்தக் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறது. வெந்நீரானால் துளி இன்னும் சிறிது. சிங்க் பளிச்சென்று ஆகிவிடும்; கொழுப்பு போய்விட்டது என்று நமக்குத் தோன்றும். அது போவது சுவரைத் தாண்டி வெளியே செல்லும் குளிர்ந்த பைப் வரைதான். அங்கே சூடு இறங்குகிறது, துளிகள் ஒன்றோடொன்று கூடுகின்றன, சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நெளி பைப்பாக இருந்தால் ஒவ்வொரு நெளிவும் ஒரு திண்ணை. ஏறி உட்கார்ந்ததை எழுப்ப முடியாது. சிங்க் அடைத்தால் கொதிநீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் கைவசம் இருக்கும் வைத்தியம். அது கொழுப்பை உருக்கும்தான். உருகியது இரண்டு மீட்டர் தள்ளி, கை எட்டாத இடத்தில், மறுபடி உறையும். இந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 93 டிகிரியில். அந்தச் சூடு பி.வி.சி.யை இளக்கப் போதும். 80 டிகிரி அளவிலேயே அது தன் விறைப்பை இழந்துவிடும். இளகிய பைப் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். அடுத்த அடைப்பு அங்கேதான் பிறக்கிறது.

அந்த வெளிவளையத்தில் நகம் ஏன் இறங்கவில்லை? நாளாக நாளாகக் கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை கால்சியத்தைச் சந்தித்தால் கரையாத ஒரு சோப்பாக மாறுகின்றன. உப்புத் தண்ணீர் ஊர்களில் துணி சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைக் கசடு ஒதுங்குமே, அதே பொருள். மலைத் தண்ணீர் மென்மையானது, கால்சியம் குறைவு. ஆனால் சாப்பாட்டு மிச்சத்திலும் சிமெண்ட் பூசிய தொட்டிகளிலும் கால்சியம் தாராளமாக இருக்கிறது. 2017-ல் லண்டன் ஒயிட்சேப்பல் தெருவுக்கு அடியில் கண்டுபிடித்த கொழுப்புப் பாறை இந்த வகைதான்: 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. கடப்பாரையும் உயர் அழுத்த நீரும் வைத்து வாரக்கணக்கில் உடைத்தார்கள். என் கையில் இருந்தது அதன் கைக்குழந்தை.

கஞ்சியையும் சொல்லியாக வேண்டும். வடித்த கஞ்சியைச் சூடாகச் சிங்கில் கவிழ்ப்பது இன்று சாதாரணம். 60, 70 டிகிரியில் நீர் குடித்து ஊதிய அரிசி மாவுப்பொருள், ஆறினால் பசையாக இறுகும். ஏடு கட்டிய பழைய கஞ்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கொழுப்பு செங்கல் என்றால் கஞ்சி சாந்து. முன்பு அது மாட்டுக்கு வைத்த கழுநீர்ப் பானைக்குப் போனது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கணத்தில் விழுந்து, திறந்த ஓடையில் நாலடி ஓடி, வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கணம் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சொல். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்னமும் வாயில் வருகிறது. அந்தத் திறந்த வாய்க்காலில் நாற்றம் காற்றோடு போய்விடும், அடைப்பு கண்ணுக்குத் தெரியும், தென்னங்குச்சியால் தள்ளிவிடலாம். வாய்க்காலை மூடிக் குழாய் ஆக்கிய நாளில்தான் வீட்டுக்குள் ஒரு புதுச் சிக்கல் வந்தது. கழிவு வெளியே போகிற அதே வழியில் அதன் காற்று உள்ளே வரலாம்.

எங்கள் சிங்குக்கு அடியில் அந்தக் காற்றைத் தடுக்கும் வளைவே இல்லை. நெளி பைப் நேராகச் சுவருக்குள் இறங்கியிருந்தது. மழைக்காலத்தில் அழுகின முட்டை வாடை அடித்ததற்கு எலிதான் காரணம் என்று நாங்கள் தேடிய நாட்கள் உண்டு. அது ஹைட்ரஜன் சல்பைடு. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்த வாடைக்கும் கொடைக்கானல் என்ற ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1845-ல் இந்த மலைமேல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். ஊர் தொடங்கியது அப்படித்தான். அந்தக் காலத்து மருத்துவத்தில் நோய்க்குப் பெரிய காரணம் கெட்ட காற்று. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் அதுதான் பொருள். காலரா தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ லண்டனில் வரைபடம் போட்டுக் காட்டியது 1854-ல். மலேரியா கொசுவில் இருக்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல். ஆக, மலையேறி வந்தவர்கள் சொன்ன காரணம் தவறு, செய்த காரியம் பலித்தது. குளிரில் அந்தக் கொசு பெருகவில்லை.

சாக்கடைக் குழாயின் வளைவும் அதே தவறான காரணத்துக்காகப் பிறந்து சரியாக வேலை செய்த பொருள். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் கழிப்பறைக் குழாயை 'எஸ்' போல் வளைத்துக் காப்புரிமை வாங்கினார். வளைவின் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவுநீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் வந்தது அந்த இடத்தில் தங்கும். அசையும் பாகம் கிடையாது, தேய்வது கிடையாது. கதவைத் தண்ணீராலேயே செய்த அந்த எண்ணத்தைவிட அழகான ஒன்று ஒரு வீட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவின் ஆழம் 5 முதல் 7.5 சென்டிமீட்டர். மூன்று விரல் சேர்த்து வைத்தால் 5 சென்டிமீட்டர் வந்துவிடும்.

அந்த மூன்று விரல் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை 2003 மார்ச்சில் ஹாங்காங் பார்த்தது. அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் வந்தது. குளியலறைத் தரை வடிகால்களின் வளைவுகளில் தண்ணீர் காய்ந்திருந்தது. வெளியேற்றும் விசிறி ஓடியபோது, சாக்கடைக் குழாயிலிருந்த கிருமி கலந்த நுண்துளிகள் அந்த வழியாக வீடுகளுக்குள் இழுபட்டன என்று விசாரணை சொன்னது. கொடைக்கானலில் சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடுகள் ஏராளம். ஜனவரி முதல் மார்ச் வரை மூடுபனி விலகிக் காற்று வறண்டிருக்கும் காலத்தில், பூட்டிய வீட்டின் வளைவு சில வாரங்களில் வற்றிவிடும். பூட்டும் முன் சிங்கிலும் தரை வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும். விடுகிற எண்ணெய் நல்லெண்ணெயாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏன் என்று இப்போது சொல்லத் தேவையில்லை.

வளைவுத் தண்ணீர் வற்றாமலே காணாமல் போகும் வழி ஒன்றும் உண்டு. சரிவில் கட்டிய வீடுகளுக்கு அதுதான் பெரிய பகை.

பித்தளைப் பாத்திரக் கடைகளில் வசுதேவர் கிண்ணம் பார்த்திருப்பீர்கள். நடுவில் குழந்தைக் கண்ணனைச் சுமந்த வசுதேவர். தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் ஏறும். கண்ணன் பாதத்தைத் தொட்டதும் யமுனை வடிந்ததுபோல் கிண்ணம் முழுக்கக் காலியாகிவிடும். சிலைக்குள் தலைகீழ் 'யு' வடிவில் ஒரு குழாய் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் அந்த வளைவின் உச்சியைத் தாண்டியதும் வெளிக்காலில் விழும் நீரின் எடை பின்னால் இருப்பதை இழுக்கிறது, காற்றழுத்தம் தள்ளுகிறது, கடைசிச் சொட்டு வரை நிற்காது. வண்டியிலிருந்து டியூப் போட்டுப் பெட்ரோல் எடுப்பதும் இதேதான்.

நேராகக் கீழே விழும் பைப்பில் சிங்க் நிறைய இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டால், குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு நீர் இறங்குகிறது. அதன் வால் போகும்போது வளைவில் தங்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கடைசியில் வரும் 'களக் களக்' என்ற சத்தம் அந்தக் கதவு பிடுங்கப்படும் சத்தம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கும் நீர்த்தூண் சுமார் 10 மீட்டர். கொடைக்கானலில் 8 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் உறிஞ்சலும் மெலியும் என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. நம் கதவு 5 சென்டிமீட்டர்தான். இங்குள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 160-ல் ஒரு பங்கு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பைப் சுவரை விட்டு வெளியே வந்து அடுத்த படிமட்டம் வரை பத்தடி செங்குத்தாக இறங்குகிறது. மலைவீடுகள் பலவற்றிலும் இந்த அமைப்புதான்.

மருந்து, காற்றுக்கு வழி விடுவது. செங்குத்துப் பைப் தொடங்கும் இடத்தில் ஒரு 'டீ' இணைப்பு போட்டு, அதன் மேல்வாயைக் கூரைக்கு மேலே வென்ட் பைப்பாக ஏற்றி, உச்சியில் பூச்சி நுழையாத மூடி போட வேண்டும். உறிஞ்சல் வந்தால் காற்று அந்த வழியாக இறங்கும். வளைவுத் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். இந்த ஒரு பைப்புக்குக் கணக்குப் பார்த்து விடுகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், சிங்கின் விலையில் குறைத்தாவது இதைப் போடச் சொல்வேன்.

அன்று எங்கள் வீட்டில் வேலை இப்படி நடந்தது. சிங்கின் துவாரத்தில் வேஸ்ட் கப்ளிங், மேலும் கீழும் ரப்பர் வாஷர், அடியிலிருந்து நட். கையால் இறுகும் மட்டும் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று. அதற்கு மேல் போனால் வாஷர் பிதுங்கிவிடும். அடுத்து, வளைவின் வேலையைச் செய்யும் பாட்டில் டிராப். அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றலாம் என்பதால் விழுந்த மூக்குத்தி முதல் சேர்ந்த கசடு வரை எடுக்க வசதி. அதற்குப் பிறகு நெளி பைப்புக்கு இடமே கொடுக்கவில்லை. உள்ளே வழவழப்பான இரண்டு இன்ச் பி.வி.சி. திரும்புகிற இடத்தில் எல்போவுக்குப் பதில் திறக்க மூடி வைத்த டோர் பெண்ட்.

பிறகு வாட்டம். நாற்பதுக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. மூன்று மீட்டர் போகும் பைப் ஏழரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தண்ணீர் நொடிக்கு 60, 70 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் பருக்கையையும் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். பிளம்பர் அண்ணன் ரசமட்டத்தைப் பைப்மேல் வைத்து, அதன் ஒரு முனைக்கடியில் மரத்துண்டு செருகி, குமிழி நடுவில் நிற்கும்வரை பைப்பைத் தாழ்த்தினார். சமவெளியில் வாட்டம் கிடைக்கத் தரையைத் தோண்டுகிறார்கள். இங்கே மலை தேவைக்கு மேல் கொடுக்கிறது, நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

ஒட்டும் வேலையில் குளிர் மறுபடி குறுக்கே வந்தது. சால்வென்ட் சிமெண்ட் பசை அல்ல, பி.வி.சி.யின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டுகளை ஒரே பொருளாக்கிவிட்டு ஆவியாகிப் போகும் கரைப்பான். குளிரில் ஆவியாவது மெதுவாகிறது. செருகிக் கால் சுற்றுத் திருப்பியவுடன் கையை எடுத்தால் பைப் மெல்ல வெளியே நழுவும். அண்ணன் ஒவ்வொரு ஜாயிண்டையும் மனதுக்குள் அறுபது எண்ணும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குத் தண்ணி விடாதீங்க. நாளைக்கு வெயில் ஏறட்டும்" என்று சொல்லிப் போனார். வெளிப்பைப்பைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்கவில்லை, சற்றே தளர்த்தி விட்டிருந்தார். ஆறு மீட்டர் பி.வி.சி. பைப், விடியற்காலைப் பனிக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் 20 டிகிரி சூடேறினால் ஏழெட்டு மில்லிமீட்டர் நீளும். அது நகர இடம் கொடுக்காவிட்டால் ஜாயிண்ட் விடும்.

அந்தப் பைப் போய் முடிவது உறிஞ்சு குழியில். குழி என்றால் அங்கேயே தீர்ந்துவிடுவது போலத் தோன்றும். சரிவில் எதுவும் இருந்த இடத்தில் நிற்பதில்லை. மேல் படிமட்டத்துக் குழியில் இறங்கிய நீர், மண்ணுக்குள் பாறையை ஒட்டி நழுவி, கீழ்ப் படிமட்டத்தில் ஊற்றாகக் கசியலாம். அங்கே ஒரு வீட்டில் அதைக் குடத்தில் பிடிக்கலாம். குளிர் இங்கேயும் எதிராக நிற்கிறது: கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களின் வேகம் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறையப் பாதியாகும். மதுரை மண் ஒரு வாரத்தில் செரிப்பதை மலை மண் இரண்டு, மூன்று வாரம் வைத்திருக்கும். இந்த ஊருக்கு இது புதுப் பாடமும் அல்ல. 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம், மேட்டிலிருந்து பாம்பாறு சோலைப் பக்கம் சரிவோடு இறங்கியது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் நீண்டது.

நகரத்தின் ஓடைகள் பல ஏரியில் சேர்கின்றன. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கட்டிய நட்சத்திர வடிவ ஏரி அது. பாத்திர சோப்பிலும் சாப்பாட்டிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் நீர்க்களைகளுக்கு உரம். களை அழுகும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன் திணறும். ஏரி நிரம்பி வழிவது மலைப்பாதையில் எட்டு கிலோமீட்டர் தள்ளி வெள்ளி நீர்வீழ்ச்சியாக 180 அடி விழுகிறது. கொடைக்கானலுக்கு முதன்முறை வருகிறவர்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் படம் எடுத்துக்கொள்வதும் முகம் கழுவுவதும் அங்கேதான்.

மறுநாள் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அண்ணன் வந்தார். சிங்கை விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். ஒவ்வொரு ஜாயிண்டுக்கடியிலும் ஒரு துண்டு நியூஸ்பேப்பரை விரித்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும். அடைப்பானை எடுத்தார். தண்ணீர் சுழித்து இறங்கியது. கடைசியில் காதைச் சாய்த்துக் காத்திருந்தோம். 'களக்' வரவில்லை. ஒரு நீண்ட மூச்சுப்போல வென்ட் பைப்பில் காற்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. காகிதங்கள் காய்ந்திருந்தன.

"எண்ணெய் சட்டியை மட்டும் இதுல கழுவாதீங்கக்கா" என்றார் கிளம்பும்போது.

இப்போது பொரித்த எண்ணெயின் அடிமண்டியையும் கறிக்குழம்பின் மேல்கொழுப்பையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வடித்து, இரவு ஜன்னலுக்கு வெளியே திண்டில் மூடி வைக்கிறேன். காலையில் நல்லெண்ணெய் மேலே தெளிந்து நிற்கும். அடியில் மற்றதெல்லாம் வெள்ளை வில்லையாக இறுகியிருக்கும். தெளிந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிச் சேர்த்து வைக்கிறேன். கத்தி முனையால் விளிம்பை நெம்பினால் வில்லை முழுசாகப் பெயர்ந்து வரும். அதை நியூஸ்பேப்பரில் மடித்துக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கிண்ணத்தைச் சீயக்காய்த் தூள் போட்டுத் துடைத்த பிறகே சிங்குக்குக் கொண்டுபோகிறேன்.